பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த கேரம் மன்றம்

வடசென்னை புதுவண்ணாரப்பேட்டையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு மாவு மில், அதற்கு அடுத்தாற்போல் ஐஸ் உடைத்துத் தருகிற கடை. ரெண்டுக்கும் நடுவே போகிற சந்தில் நாலாவது கட்டடம்தான் மன்றம். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய், ‘கேரம்’ என்ற மூன்று எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. முழுப் பெயரை எழுத வேண்டாம் என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டார். இருக்கிற நாலு போர்டுக்கே ஆள் அதிகமாம். அதனால் மன்றம் என்றே எழுதுகிறேன். தேடிப் போகிறவர்களுக்கு மாவு மில் அடையாளம் போதும்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்ததிலிருந்து இவளுக்கு ஸ்ட்ரைக்கர் பைத்தியம். வியாசர்பாடியிலிருந்து போய் உலகச் சாம்பியன் ஆன இளவழகியும் எங்கள் பக்கம்தான். மரிய இருதயத்துக்குக் கேரமுக்காக அர்ஜுனா விருது கொடுத்த 1996-இல் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் தெருவில் திண்ணைக்குத் திண்ணை போர்டு இருந்தது. ஆனால் எந்தப் போர்டின் முன்னாலும் ஒரு பெண் பிள்ளை உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இப்போது என் பெண் உட்காருகிறாள். செவ்வாய், வியாழன் மாலையும் சனிக்கிழமை மதியமும் எட்டு மாதமாகக் கூட்டிப் போகிறேன். அவள் ஆடுவாள், நான் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நான் எழுதுவது எல்லாம் அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்ததுதான்.

முதலில் காசு விவரம். பிள்ளைகளுக்குப் பயிற்சி மாதம் 400 ரூபாய். பெரியவர்கள் வந்து ஆடினால் ஆளுக்கு ஒரு கேமுக்கு 10 ரூபாய். 25 பாயின்ட் வரும்வரை, இல்லாவிட்டால் எட்டு போர்டு, அதாவது எட்டுச் சுற்று, முடியும்வரை ஒரு கேம். அது அரை மணியில் முடிந்தாலும் சரி, ரெண்டு மணி நேரம் இழுத்தாலும் சரி, அதே பத்து ரூபாய். காசு வைத்து ஆடக் கூடாது. போர்டுப் பக்கம் போன் எடுக்கக் கூடாது. உள்ளே சுவர்க் கடிகாரமும் கிடையாது. இந்த மன்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் எது நின்றாலும் காசு. பெட்டி கப்பலிலிருந்து இறங்கியபின் சில நாள் ஃப்ரீ டேஸ் கொடுப்பார்கள். அதைத் தாண்டி நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் ஏறும். வெளியே எடுத்துப்போன பெட்டியைத் திருப்பி விட லேட் ஆனால் டிடென்ஷன். பதினேழு வருஷமாக இந்தக் கணக்கையே போட்டுப் போட்டு, வீட்டிலும் எனக்கு அதே புத்தி வந்துவிட்டது. குக்கர் விசில் அடிப்பதற்குள் வெங்காயம் உரித்தாக வேண்டும், பஸ் வருவதற்குள் மெயிலுக்குப் பதில் போட்டாக வேண்டும். மன்றத்துக்குப் போன முதல் மாதம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போனில் பில் ஆஃப் லேடிங் என்கிற சரக்குச் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். “இன்னாம்மா, இங்க வந்துமா ஆபீஸு? செத்த சும்மா குந்தேன்” என்றார்.

சும்மா உட்கார எனக்குத் தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த சனிக்கிழமை போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்துப் போனேன். கல்யாணத்துக்கு அப்புறம் தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. படித்தேன். அப்போது வாங்கிய அரிஸ்டாட்டில், பரீட்சை முடிந்தபின் அலமாரியிலேயே கிடந்தது. படித்தபோது மார்க்குக்காகப் படித்தது. பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோதுதான் மனசுக்குள் இறங்கியது.

கிரேக்கர்களிடம் இதற்கென்று ஒரு சொல் இருக்கிறது: ஸ்கோலே. ‘ஓய்வு’ என்று மொழிபெயர்ப்பார்கள். எனக்கென்னவோ நம் பேச்சில் இருக்கிற ‘சாவகாசம்’தான் அதற்குப் பக்கத்தில் வருகிறது. ஓய்வு என்றாலே களைத்துப்போனவன் படுப்பது நினைவுக்கு வருகிறது. சாவகாசம் என்றால் ஒருவன் நேரம் அவன் கையில் இருக்கிறது என்று அர்த்தம். கிரேக்கர்கள் வேலைக்கு வைத்த சொல்லைப் பாருங்கள்: அஸ்கோலியா, அதாவது சாவகாசமின்மை. ஒளிக்குப் பெயர் வைத்துவிட்டு இருட்டை ‘ஒளியின்மை’ என்று சொல்கிற மாதிரி. சோம்பலுக்கு வேறு சொல் வைத்திருந்தார்கள்: அர்கியா, வேலையின்மை. சோம்பல் வேறு, சாவகாசம் வேறு என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

நாம் சாவகாசமாக இருப்பதற்காகத்தான் வேலை செய்கிறோம், அமைதிக்காகப் போர் செய்வதுபோல என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார். இந்த ஒரு வரியிலேயே ரெண்டு சனிக்கிழமை நின்றேன். அப்புறம் இன்னொன்று. அந்த ஸ்கோலே லத்தீனில் ஸ்கோலா ஆகி, அதிலிருந்துதான் ஆங்கிலத்து ‘ஸ்கூல்’ வந்தது. என் மகளின் பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்ட் வைக்கிறார்கள். அங்கிருந்து நேரே இங்கே வந்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு அவள் போர்டு முன் உட்காரும்போது, ஸ்கூல் விட்டு ஸ்கூலுக்கு வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கடிகார விஷயத்துக்கு வருகிறேன். பிளேட்டோவின் ‘தியேட்டிட்டஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் ரெண்டு வகை மனிதர்களைப் பற்றிப் பேசுவார். கோர்ட்டிலேயே வளர்ந்தவர்கள் ஒரு வகை. ஏதென்ஸ் கோர்ட்டில் ஓட்டை போட்ட பானையில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். தண்ணீர் வடிந்து முடிவதற்குள் பேச்சை முடித்தாக வேண்டும். ஓடுகிற தண்ணீர் அவர்களை விரட்டிக்கொண்டே இருக்கும் என்கிறார். இன்னொரு வகை, தத்துவம் பேசுகிறவர்கள். ஒரு பேச்சை விட்டு இன்னொன்றுக்குத் தாவலாம், திரும்பி வரலாம், நீளமானாலும் கவலையில்லை, உண்மையைத் தொட்டால் போதும். எங்கள் பக்கத்திலேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் இருக்கிறது. அக்கா பையன் அங்கே ஃபுட்பால் ஆடுவான். கடைசி பத்து நிமிஷம் பந்தைப் பார்க்கிறானா மணியைப் பார்க்கிறானா என்றே தெரியாது. இந்த மன்றத்தில் கேமுக்குத்தான் காசு. பானையில் தண்ணீர் ஓடவில்லை. பத்து ரூபாயில் இதை யோசித்து வைத்த மாஸ்டரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதற்கு நேர் எதிர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக்குள் போகிற டிரெய்லர்கள் அங்கே வரிசைகட்டி மணிக்கணக்காக நிற்கும். டிரைவர்கள் வண்டி நிழலில் துண்டு விரித்துப் படுத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓய்வு மாதிரி இருக்கும். வரிசை எப்போது நகரும் என்று தெரியாததால் ஒரு கண் திறந்தே இருக்கும். வேலை இல்லாமல் இருக்கிறார்கள், ஆனால் நேரம் அவர்கள் கையில் இல்லை. யார்டில் தினமும் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.

சரி, மன்றம் எப்படி இருக்கும் என்று சொல்லவில்லையே. ஒரே ஹால். நாலு போர்டு, ஒவ்வொன்றின் மேலும் தகர மூடி போட்ட பல்பு தாழ்வாகத் தொங்கும். வெளிச்சம் போர்டுக்குள் மட்டும் விழும், ஆடுகிறவர்களின் முகம் அரை நிழலில் இருக்கும். பலகை நல்ல பலகை. நாலு மூலையும் சமமாக இருக்கிறதா என்று தினமும் காலையில் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். பவுடரை அள்ளிக் கொட்ட மாட்டார்கள், மெல்லிய துணியில் கட்டித் தட்டுவார்கள். காய்களை மாதம் ஒருமுறை துடைத்து அடுக்குவது பிள்ளைகளின் வேலை. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட், எண்ணிச் சரிபார்த்து டப்பாவில் போட வேண்டும்.

சொல்லித் தருகிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் ரெண்டு வாரம் காயே வைக்கவில்லை. ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டம்வரை தள்ளி, அது திரும்பி வந்து தன் கோட்டிலேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். பதினைந்து கிராம் வில்லை அது. என் மகளின் ஆள்காட்டி விரல் நகத்தடியில் தோல் தடித்துப்போனது. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரைக்கர் போய், சட்டத்தை முட்டி, மெதுவாகத் திரும்பி வந்து, ரெண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாஸ்டரையும் பார்க்கவில்லை. நின்ற ஸ்ட்ரைக்கரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கை தட்டவில்லை. அந்த நேரத்தை அவளிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளவும் இல்லை.

அரிஸ்டாட்டில் இதைப் பார்த்திருந்தால் ஸ்கோலே என்று ஒத்துக்கொண்டிருப்பாரா? சந்தேகம்தான். ‘அரசியல்’ நூலின் எட்டாம் பகுதியில் விளையாட்டை அவர் மருந்து என்கிறார். உழைத்துக் களைத்தவனுக்கு அளவாகக் கொடுக்க வேண்டியது, சாவகாசத்தை நிரப்பத் தக்கது ஆகாது. அதற்கு அவர் இசையைச் சொல்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. பிளேட்டோ தன் வயதான காலத்தில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில், மனிதன் கடவுளின் விளையாட்டுப் பொருள், அதுதான் அவனிடம் உள்ள சிறந்த அம்சம், ஆகவே ஆணும் பெண்ணும் மிக அழகான விளையாட்டுகளை ஆடியே வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்று வருகிறது. ஆணும் பெண்ணும் என்றே எழுதியிருக்கிறார். பென்சிலால் அடிக்கோடு போட்டேன். கிரேக்கத்தில் விளையாட்டு பைதியா, கல்வி பைதேயா. ரெண்டுமே குழந்தையைக் குறிக்கும் ‘பைஸ்’ என்ற சொல்லிலிருந்து கிளைத்தவை. ஹெராக்ளிட்டஸ் என்ற பழைய தத்துவ ஞானி எபெசஸ் நகரத்து ஆர்ட்டெமிஸ் கோயிலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலும்புக்காய் ஆடுவாராம். மாஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

வாத்திகன் அருங்காட்சியகத்தில் ஒரு கிரேக்கக் குடம் இருக்கிறது. எக்ஸெக்கியாஸ் என்ற கலைஞர் கி.மு. 540–530 வாக்கில் வரைந்தது. டிராய் போருக்கு வந்த ரெண்டு பெரிய வீரர்கள், அக்கிலீஸும் அஜாக்ஸும், எதிரெதிரே உட்கார்ந்து பலகையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வாயருகே ‘நான்கு’ என்றும், மற்றவர் வாயருகே ‘மூன்று’ என்றும் எழுதியிருக்கும். படத்தைப் பெஞ்சில் வைத்து மகளுக்குக் காட்டினேன். “அம்மா, ஆடும்போதுகூட ஈட்டியக் கீழ வெக்கலியே” என்றாள். அதுவரை எனக்கு அந்த ஈட்டிகள் கண்ணில் பட்டதே இல்லை. கூப்பிட்டால் எழுந்து ஓட வேண்டியவர்கள் அவர்கள். பைக்குள் போன் அதிர்ந்தபோது எடுக்காமல் விட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மன்றத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் தடைக்காலத்தில் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிடும் காலம். காசிமேட்டில் போட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். காலையில் வலை பார்ப்பதும் போட்டுக்குப் பெயின்ட் அடிப்பதுமாக இருப்பவர்கள், வெயில் ஏறினதும் மன்றத்துக்கு வந்துவிடுவார்கள். நாலு போர்டும் நிரம்பி, பெஞ்சில் எனக்கு இடம் இருக்காது. “தொழிலு இல்லாத நாள்ல வூட்லயே குந்தினா சண்டதான் யக்கா வரும். இங்க வந்தா வயிறுகூட மறந்துடுது” என்றார் ஒரு அண்ணன்.

வயிறு மறப்பதைப் பற்றி ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஒரு கதை சொல்கிறார். லிடியா நாட்டில் கடும் பஞ்சம் வந்தபோது, அந்த மக்கள் தாயக்கட்டை, எலும்புக்காய், பந்து என்று ஆட்டங்களைக் கண்டுபிடித்தார்களாம். ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டை நினைக்காமல் ஆடுவது, மறுநாள் ஆடாமல் சாப்பிடுவது என்று பதினெட்டு வருஷம் ஓட்டினார்கள் என்கிறார். இது நடந்ததா என்பது இருக்கட்டும். தொழில் நின்றுபோன ஊரில் ஆட்டம் என்ன செய்யும் என்று ஹெரோடோட்டஸுக்குச் சொன்ன யாரோ ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

வேலை செய்வது கேவலம் இல்லை, சும்மா இருப்பதுதான் கேவலம் என்று பாடினவர் ஹெசியட் என்ற பழைய கிரேக்கக் கவிஞர். தேனீக்கள் உழைத்ததைத் தின்கிற ஆண் தேனீயோடு சோம்பேறியை ஒப்பிடுகிறார். நம் குறளின் மடியின்மை அதிகாரம்போல. அவர் நிலத்தில் இறங்கி உழைத்தவர், அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. காசிமேட்டிலும் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். ஆனால் அதே ஹெசியட், குரோனஸ் என்ற கடவுள் ஆண்ட பொற்காலத்தில் நிலம் கேட்காமலேயே விளைந்தது, மனிதர்கள் கவலையில்லாமல் இருந்தார்கள் என்றும் பாடுகிறார். கிரேக்கப் புராணத்தின் பாதாளத்தில் சிலருக்குத் தண்டனையே முடியாத வேலைதான். சிசிபஸ் பாறையை உருட்டிக்கொண்டே இருக்கிறான், டனாவுஸ் அரசனின் மகள்கள் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

மன்றத்தின் மூலைப் போர்டு ஒரு தாத்தாவுக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். முப்பத்தைந்து வருஷம் ஷிஃப்ட் பார்த்தவருக்கு ரிட்டையர் ஆன ஆறு மாதத்தில் பிரஷர், தூக்கமின்மை, வீட்டில் எல்லோரோடும் கோபம் என்று வந்துவிட்டதாம். ஸ்பார்ட்டாக்காரர்களைப் பற்றி அரிஸ்டாட்டில் இதைத்தான் எழுதுகிறார். போர் செய்யும்வரை தாக்குப்பிடித்தார்கள், அமைதி வந்ததும் இரும்புபோல் பதம் இழந்தார்கள். சாவகாசமாக வாழ அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்கிறார். தாத்தாவுக்கு இங்கே சொல்லித் தந்திருக்கிறார்கள். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அவர்தான் டபுள்ஸ் பார்ட்னர். ரெட் விழுந்தும், அதை உறுதியாக்க அடுத்துப் போட வேண்டிய காய், அதாவது ஃபாலோ, போகாமல் என் மகள் உதட்டைக் கடித்தால், “வுடு கண்ணு, ரெட்டு எங்க போய்டும், அங்கதான வெப்பாங்க” என்பார்.

குறைகளும் இருக்கின்றன, நேராகச் சொல்லிவிடுகிறேன். ஆடும்போது ஃபேன் போட மாட்டார்கள், பவுடர் பறக்கும் என்பதால். மே மாதத்தில் முதுகு நனைந்துவிடும். கழிவறை ஒன்றே ஒன்று, உள்தாழ்ப்பாள் சரியில்லை. பெண் பிள்ளைகள் வருகிற இடத்தில் இதை முதலில் சரிசெய்ய வேண்டும். ரெண்டு தடவை மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஒரு கொக்கி மட்டும் மாட்டியிருக்கிறார், அது போதாது. மழைக்காலத்தில் சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஆறு மணி பேட்ச்சில் பதினாலு பிள்ளைகள் இருப்பதால் காத்திருக்க வேண்டும். பெரியவர்களில் பெண்கள் யாரும் ஆட வருவதில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் யாரும் சொன்னதில்லை.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. அரிஸ்டாட்டிலின் சாவகாசம் அடிமைகளின் முதுகில் நின்றது. அதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். தறியில் நாடா தானாகவே நெய்தால், யாழை மீட்டும் கோல் தானாகவே மீட்டினால், எஜமானனுக்கு அடிமை தேவைப்படாது என்கிறார். அந்தப் பக்கத்தைப் படித்த சனிக்கிழமை மதியம் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் வீட்டில் என் மாமியார் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருப்பார். காசிமேட்டில் முப்பது வருஷம் கூடையில் மீன் விற்றவர். மிக்ஸி வந்தது, வாஷிங் மெஷின் வந்தது. ஆனாலும் எங்கள் வீட்டில் எதுவும் தானாக நடப்பதில்லை. என் சாவகாசத்தை அவர் கையிலிருந்து எடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் சாம்பாரும் பொரியலும் காலையிலேயே செய்து வைத்துவிட்டு, “அத்தை, நீங்களும் வாங்க” என்றேன். “நா அங்க வந்து இன்னா பண்ணப் போறேன்” என்று ரெண்டு வாரம் தட்டிக்கழித்தார். மூன்றாவது வாரம் வந்தார். பெஞ்சின் நுனியில், எழுந்து போகத் தயாராக இருப்பவர்போல் உட்கார்ந்தார். அரை மணி கழித்துச் சுவரில் சாய்ந்தார். தாத்தா அவரை எதிரே கூப்பிட்டார், ஒரே தெருவில் வளர்ந்தவர்களாம். அத்தை புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து அடித்த முதல் ஷாட்டில் ஸ்ட்ரைக்கர் எகிறி என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். ரெண்டாவது ஷாட்டில் ஒரு கறுப்பு உள்ளே போனது.

“இத்தினி வயசுல ஒரு நாளு பகல்ல சும்மா குந்தினதில்லடி நானு” என்றார் திரும்பி வரும்போது. மாவு மில்லைத் தாண்டும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

மன்றம் காலை 10 மணிக்குத் திறந்து ராத்திரி 9 மணிக்கு மூடுகிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. சொந்த ஸ்ட்ரைக்கர் இருந்தால் எடுத்துப் போங்கள், அங்கே இருப்பவை ஓரம் தேய்ந்தவை. சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு முன்னால் போனால் பெஞ்சில் இடம் கிடைக்கும். ஜன்னல் பக்க முனையில் இப்போது நாங்கள் மூன்று பேர் உட்காருகிறோம்.